நார்மலைஸ்: நகர்வது பொருளா, அளவுகோலா?

ஆங்கிலத்தில் 'நார்மலைஸ்' என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது, இப்போது எங்கே திரும்பினாலும் அது கண்ணில் படுகிறது. தண்ணீர் வெட்டு முடிந்தால் விநியோகம் நார்மலைஸ் ஆகிறது. மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா வட்டியை ஏற்றினால் வட்டி நார்மலைஸ் ஆகிறது. சண்டை போட்ட இரண்டு நாடுகள் கைகுலுக்கினால் உறவு நார்மலைஸ் ஆகிறது. ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு டாக்டர் உங்கள் தைராய்டு நார்மலைஸ் ஆகிவிட்டது என்கிறார், அப்புறம் டிக்டாக்கில் யாரோ ஒரு பெண் "ஆண்கள் அழுவதை நார்மலைஸ் பண்ணுங்க" என்கிறார். இவ்வளவுக்கும் நம் மலேசியத் தமிழ்ச் செய்திகளில் பெரும்பாலும் ஒரே வரிதான்: இயல்பு நிலைக்குத் திரும்பியது. கடைசி உதாரணத்துக்கு அந்த வரி பொருந்தவே பொருந்தாது என்று யாருக்கும் உடனே தெரியும். மற்றதிலும் பல நேரம் பொருந்துவதில்லை, ஆனால் அது அவ்வளவு சீக்கிரம் தெரிவதில்லை. அதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாக எழுத நினைத்தேன்.

விஷயம் இதுதான். இந்தச் சொல் இரண்டு எதிரெதிர் வேலைகளைச் செய்கிறது. ஒன்று, தடம் மாறிப் போன ஒரு பொருளை ஏற்கெனவே இருக்கும் அளவுக்குக் கொண்டுவருவது. இன்னொன்று, பொருளை இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு, அளவை அதன் பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போவது. முதலாவதில் பொருள் நகர்கிறது, இரண்டாவதில் அளவுகோல் நகர்கிறது. எழுத்தும் உச்சரிப்பும் ஒன்றேதான், அதனால் செய்தியைப் படிக்கிறவர் எது நகர்ந்தது என்று கேட்காமலே தாண்டிப் போய்விடலாம். சொல்கிறவருக்கும் சில நேரம் அதுவே வசதி.

வேரைப் பார்த்தால் குழப்பம் எங்கே ஆரம்பித்தது என்று புரியும். இலத்தீனில் 'நோர்மா' என்றால் தச்சரும் கொத்தனாரும் செங்கோணம் சரியா என்று வைத்துப் பார்க்கும் மூலைமட்டம். கணக்குப் பாடத்தில் இன்றைக்கும் ஒரு வளைகோட்டுக்கு 'நார்மல்' என்றால் செங்குத்தாக நிற்கும் கோடுதான், வேறொன்றும் இல்லை. மூலைமட்டத்தோடு ஒத்துப்போவது நார்மல், அதாவது எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருப்பது. பாரிஸில் 1794-இல் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க ஆரம்பித்த கல்லூரிக்கு 'எக்கோல் நோர்மால்' என்று பெயர் வைத்தது அந்த அர்த்தத்தில்தான், மற்ற பள்ளிகளுக்கெல்லாம் முன்மாதிரி என்று. பிரிட்டிஷ் காலத்து மலாயாவில் ஆசிரியர் பயிற்சிக்கு 'நார்மல் கிளாஸ்' என்று பெயர் இருந்ததும் அதே வழியில் வந்ததுதான்.

பிறகு 19-ஆம் நூற்றாண்டில் புள்ளிவிவரக்காரர்கள் வந்தார்கள். பெல்ஜியத்தைச் சேர்ந்த கெத்லே 1835-இல் 'சராசரி மனிதன்' என்ற கருத்தை வைத்து எழுதினார். உயரம், எடை, மார்புச் சுற்றளவு எல்லாவற்றிலும் மனிதக் கூட்டத்தின் நடுப்புள்ளி எங்கே இருக்கிறது என்று பார்த்தார். அந்த நூற்றாண்டிலேயே 'நார்மல்' என்ற சொல்லுக்குப் 'பெரும்பாலோர் இருக்கிறபடி இருப்பது' என்ற இரண்டாவது அர்த்தம் வலுவாக ஒட்டிக்கொண்டது. 'நார்மலைஸ்' என்ற வினை அச்சில் தென்பட ஆரம்பித்ததும் 19-ஆம் நூற்றாண்டில்தான், அதாவது இந்த இரண்டு அர்த்தங்களும் ஒரே சொல்லுக்குள் குடியேறிய காலத்தில். இருக்க வேண்டியது ஒன்று, பெரும்பாலும் இருப்பது இன்னொன்று. ஊரில் பாதிப் பேருக்குச் சர்க்கரை ஏறியிருந்தால் அது பெரும்பாலும் இருப்பதாகிவிடும், இருக்க வேண்டியதாகிவிடாது.

இனி, பக்கத்தில் இருக்கும் இன்னொரு சொல்லோடு வைத்துப் பார்க்கலாம். 'ரீஸ்டோர்' என்பதும் மீட்பதுதான், ஆனால் அதற்குப் பழைய பொருள் ஒன்று கட்டாயம் இருந்திருக்க வேண்டும், அந்தப் பழையதே திரும்ப வர வேண்டும். ஜார்ஜ்டவுனில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. லெய்த் ஸ்திரீட்டில் நிற்கும் நீல மாளிகையை, சியோங் ஃபாட் ஸீ வீட்டை, 1990-களில் சீர்செய்தார்கள், அது ரீஸ்டோர். 2008 ஜூலையில் ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பிறகு எத்தனையோ பழைய கடைவீடுகளை அதே மரச்சன்னல், அதே சுண்ணாம்புப் பூச்சு என்று ரீஸ்டோர் செய்தார்கள். ஆனால் அதற்கு முன்னாலேயே, 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு 2000-த்தின் தொடக்கத்தில் அந்த நீக்கம் நடைமுறைக்கு வந்தபோது, வாடகை ஏறி, தலைமுறை தலைமுறையாக அங்கே குடியிருந்தவர்கள் நகரின் நடுப்பகுதியை விட்டுப் போக ஆரம்பித்துவிட்டார்கள். கட்டடம் பழையபடி ஆனது, தெரு பழையபடி ஆகவில்லை. அதே தெருவை இன்று ஒரு சுற்றுலாக் கையேடு எழுதுகிறவர் பார்த்தால், காப்பிக் கடையும் தங்கும் விடுதியும் நிறைந்த இதுதான் ஜார்ஜ்டவுனின் வழக்கமான முகம் என்று எழுதிவிட்டுப் போவார். நார்மலைஸ் என்பதற்குப் பழையது தேவையில்லை, ஏதோ ஓர் அளவு இருந்தால் போதும், அந்த அளவு நேற்றுப் போட்டதாகக்கூட இருக்கலாம்.

தண்ணீர் வெட்டு மாதிரி விஷயத்தில் இந்தச் சிக்கல் இல்லை. 2024 ஜனவரி 10-ஆம் தேதி தொடங்கி நாலு நாள் திட்டத்தில் பினாங்கில் பெரிய தண்ணீர் வெட்டு நடந்தது. சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் கசிந்துகொண்டிருந்த பெரிய வால்வுகளை மாற்றும் வேலை, ஏறக்குறைய 590,000 பயனீட்டாளர்களைத் தொட்டது. அப்போது குழாயில் தண்ணீர் இல்லை, பிறகு வந்தது. ஐந்தாவது மாடிக்கு ஏறுகிற அழுத்தம் முன்பு எவ்வளவோ அவ்வளவு வந்துவிட்டால் நார்மலைஸ் ஆகிவிட்டது, மலாயில் சொன்னால் 'பூலே'. இங்கே ரீஸ்டோரும் நார்மலைஸும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. 'விநியோகம் வழக்கநிலைக்கு வந்தது' என்று எழுதினால் ஒரு தப்பும் இல்லை. அளவு எல்லாருக்கும் தெரிந்தது, குழாயைத் திறந்து யாரும் சரிபார்க்கலாம்.

மருத்துவத்துக்கு வந்தாலோ கொஞ்சம் கவனம் வேண்டும். ரத்த அழுத்தம் நார்மலைஸ் ஆகிவிட்டது என்று சொல்லும்போது எந்த அளவை வைத்துச் சொல்கிறோம்? 2017-இல் அமெரிக்க இதய நல அமைப்புகள் உயர் ரத்த அழுத்தத்தின் எல்லையை 140/90-இலிருந்து 130/80-க்கு இறக்கின. மலேசிய வழிகாட்டி 140/90-ஐயே வைத்துக்கொண்டது. ஆக 135/85 உள்ள ஒரே ஆள் கோலாலம்பூரில் நோயாளி இல்லை, விமானம் ஏறி நியூயார்க்கில் இறங்கினால் அங்கே நோயாளி. அவர் உடம்பு ஒரு அங்குலம்கூட மாறவில்லை. உடல் எடைக் குறியீட்டிலும் இதே கதை: உலக அளவில் 25 வரை நார்மல் என்பார்கள், ஆசியர்களுக்கு 23-லேயே எச்சரிக்கை வந்துவிடும். இங்கே அளவுகோல் நகர்வதற்கு நியாயமான காரணம் இருக்கிறது, நம் உடம்பில் கொழுப்பு சேரும் விதமும் சர்க்கரை நோய் வரும் வயதும் வேறு. எனவே அளவுகோல் நகர்ந்தாலே ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம். ஏன் நகர்த்தினார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மருத்துவத்திலேயே எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் ஐ.என்.ஆர். வால்வு மாற்றிய இதய நோயாளிகள், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், மாதாமாதம் பார்த்துக்கொள்ளும் ரத்தப் பரிசோதனை அது. இன்டர்நேஷனல் நார்மலைஸ்டு ரேஷியோ என்பதன் சுருக்கம், அதன் நடு எழுத்தே நார்மலைஸ் என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். ரத்தம் உறைய எத்தனை நொடி ஆகிறது என்று அளக்கும்போது ஒவ்வொரு ஆய்வகமும் ஒவ்வொரு ரசாயனத்தைப் பயன்படுத்தியதால் ஒரே ரத்தத்துக்கு வேறு வேறு எண் வந்தது. அந்த வேறுபாட்டைக் கணக்கில் கழித்து எல்லா ஆய்வகத்து எண்ணையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர 1980-களில் உலகச் சுகாதார நிறுவனம் ஏற்படுத்திய முறை இது. மாத்திரை எடுக்காத சாதாரண ஆளுக்கு அது ஏறக்குறைய 1. வார்ஃபரின் எடுப்பவருக்குப் பெரும்பாலும் 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும். அவருக்கு ஐ.என்.ஆர் 'நார்மலுக்கு' வந்துவிட்டால், அதாவது 1-க்கு இறங்கிவிட்டால், அது ஆபத்து, ரத்தக்கட்டி வரலாம். ஆக, நார்மலைஸ் செய்யப்பட்ட எண் வேறு, நார்மலான எண் வேறு. வீட்டில் அப்பா அம்மாவுக்கு ரிப்போர்ட் படித்துச் சொல்லும் பிள்ளைகள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது ரொம்ப முக்கியம்.

கணினிக்காரர்களும் இந்த 'ஒரே அளவுக்குக் கொண்டுவருவது' என்ற அர்த்தத்தில்தான் பயன்படுத்துகிறார்கள். கல்யாண வீடியோவில் நாதஸ்வரம் காதைப் பிளக்கிறது, தாலி கட்டும்போது ஐயர் சொல்வது கேட்கவில்லை என்றால் எடிட்டர் ஒலியை நார்மலைஸ் பண்ணுவார். தகவல் தளத்தில் ஒரே விஷயம் பத்து இடத்தில் எழுதியிருந்தால் அதைப் பிரித்து ஒரே இடத்தில் வைப்பதும் நார்மலைசேஷன்தான். அந்தப் பெயரை வைத்த கணினி விஞ்ஞானி எட்கர் காட், அமெரிக்க அதிபர் நிக்சன் அப்போது சீனாவோடு உறவை நார்மலைஸ் செய்வது பற்றி நிறையப் பேசிக்கொண்டிருந்ததால் தானும் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டதாகப் பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார். அவர் கட்டுரை வந்தது 1970-இல், நிக்சன் சீனா போனது 1972-இல். ஆனால் சீனா பற்றிய பேச்சு முன்பே இருந்தது, இருக்கட்டும்.

நிக்சன் பேர் வந்துவிட்டதால் அரசியலுக்குப் போகலாம், இந்தச் சொல் உண்மையிலேயே கனம் பெறுவது அங்கேதான். மலேசியர்கள் நாம் முதலில் பார்க்க வேண்டியது 1966 ஆகஸ்ட் 11. ஜகார்த்தாவில் துன் அப்துல் ரசாக்கும் இந்தோனேசிய வெளியுறவு அமைச்சர் ஆடம் மாலிக்கும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் தலைப்பிலேயே நார்மலைஸ் இருக்கிறது: இரு நாட்டு உறவை நார்மலைஸ் செய்வதற்கான ஒப்பந்தம். அதற்கு முன் மூன்று வருடத்துக்கு மேல் 'கொன்ஃபிரந்தாசி', அதாவது மலேசியா உருவாவதை எதிர்த்து இந்தோனேசியா நடத்திய அறிவிக்காத போர், நடந்தது. 1963 செப்டம்பரில் மலேசியா உருவானதும் இந்தோனேசியா வணிகத்தை அடியோடு நிறுத்தியது. சுமத்ராவிலிருந்து வரும் ரப்பரையும் மிளகையும் பாக்கையும் நம்பியிருந்த பினாங்குத் துறைமுகத்துக்கு அது பெரிய அடி, அங்கே மூட்டை சுமந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களுக்கும் அடி.

இப்போது யோசித்துப் பாருங்கள். மலேசியா என்ற நாட்டை இந்தோனேசியா அதுவரை ஏற்றுக்கொண்டதே இல்லை. அப்படியென்றால் எந்தப் பழைய நிலைக்குத் திரும்புவது? திரும்புவதற்கு ஒன்றும் இல்லை. உண்மையில் நடந்தது ஒரு புது உறவின் தொடக்கம். ஆனால் 'அங்கீகரிக்கும் ஒப்பந்தம்' என்று தலைப்பு வைத்திருந்தால் ஜகார்த்தா இறங்கி வந்தது மாதிரி ஆகியிருக்கும், 'சமாதான ஒப்பந்தம்' என்றால் அறிவிக்காத போரைப் போர் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். நார்மலைஸ் என்று போட்டதால் யார் இறங்கினார்கள் என்ற கேள்வியே எழவில்லை. அந்த இடத்தில் அந்தச் சொல் நல்லது செய்தது என்றே நான் நினைக்கிறேன். இரண்டு பக்கமும் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள, துறைமுகத்தில் மறுபடி கப்பல் வந்தது. அமெரிக்காவும் சீனாவும் 1972 ஷாங்காய் அறிக்கையில் இதே சொல்லை வைத்துக்கொண்டு ஏழு வருடம் பேசி 1979 ஜனவரி 1-இல் தூதரக உறவுக்கு வந்தன. நாம் அவர்களுக்கு முன்பே, 1974 மே 31-இல், பெய்ஜிங்கில் துன் ரசாக்கும் சூ என்லாயும் கையெழுத்திட்டதோடு வந்துவிட்டோம்.

ஆனால் இதே சொல்லுக்கு இன்னொரு முகம் உண்டு, அதைச் செக் மக்களிடம் கேட்க வேண்டும். 1968 ஆகஸ்டில் வார்சா ஒப்பந்த நாடுகளின் டாங்கிகள் செக்கோஸ்லோவாகியாவுக்குள் நுழைந்து அங்கே நடந்துகொண்டிருந்த சீர்திருத்தத்தை நசுக்கின. அடுத்த ஏப்ரலில் குஸ்தாவ் ஹுஸாக் கட்சித் தலைமைக்கு வந்தார். பத்திரிகைத் தணிக்கை திரும்ப வந்தது, கட்சியிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் நீக்கப்பட்டார்கள், பேராசிரியர்கள் வேலை இழந்தார்கள். இதற்கெல்லாம் ஆட்சியாளர்கள் வைத்த பெயர் 'நொர்மலிஸாத்ஸே', நார்மலைசேஷன்தான். 1989 வரைக்கும் இருந்த அந்த இருபது வருடத்துக்கே செக் வரலாற்றில் அதுதான் பெயர். அங்கே அளவுகோலைக் கையில் வைத்திருந்தது மாஸ்கோ, நகர்த்தப்பட்டது ஒரு நாட்டு மக்கள் முழுவதும். இதைத் தமிழில் 'இயல்பு நிலை திரும்பிய காலம்' என்று எழுதினால் அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம் என்பேன்.

2020 செப்டம்பரில் ஐக்கிய அரபு சிற்றரசுகளும் பஹ்ரைனும் இஸ்ரேலோடு உறவு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோதும் இதே இழுபறி வந்தது. ஆதரித்தவர்கள் அந்தச் சொல்லைப் பெருமையாகச் சொன்னார்கள், எதிர்த்தவர்களோ அதே சொல்லைக் குற்றச்சாட்டாகச் சொன்னார்கள். இஸ்ரேலோடு தூதரக உறவே இல்லாத நம் நாட்டில் அந்தச் சொல் பெரும்பாலும் இரண்டாவது தொனியில்தான் காதில் விழும்.

நம் வீட்டுக்குள்ளும் ஒன்று இருக்கிறது. 1969 மே 13 இனக் கலவரத்துக்குப் பிறகு கோலாலம்பூரில் இயல்பு நிலை எப்போது திரும்பியது? ஊரடங்கு தளர்ந்து பத்து ரோட்டுக் கடைகள் கதவைத் திறந்தபோது என்று ஒருவர் சொல்லலாம். நாடாளுமன்றம் முடங்கி, தேசிய நடவடிக்கை மன்றம் நாட்டை நடத்திக்கொண்டிருந்தவரை இல்லை, 1971 பிப்ரவரியில் நாடாளுமன்றம் மறுபடி கூடியபோதுதான் என்று இன்னொருவர் சொல்லலாம். அப்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த ஆண்டு அரசியலமைப்பைத் திருத்தி, குடியுரிமை, தேசிய மொழி, சிறப்பு உரிமை, ஆட்சியாளர்களின் இறையாண்மை ஆகிய ஏற்பாடுகளைக் கேள்வி கேட்பதற்குத் தடை போட்டார்கள், நாடாளுமன்றத்துக்குள் பேசுவதற்கும் சேர்த்து. சபை திரும்பி வந்தது, சபையின் விதி புதிது. அது தேவையா இல்லையா என்பது தனி விவாதம். 'திரும்பியது' என்ற ஒற்றைச் சொல்லில் அது அடங்காது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

கொரோனா காலத்தில் இந்த வேறுபாட்டை மலேசியர்கள் தங்களுக்குத் தெரியாமலே சரியாகப் பிடித்தார்கள் என்று தோன்றுகிறது. உலகம் முழுக்க 'நியூ நார்மல்' என்றபோது இங்கே அரசாங்கம் 'நோர்மா பஹாரு' என்றது, ஆங்கிலம் பேசும் நம் ஆட்களும் 'நியூ நார்ம்ஸ்' என்று பன்மையில் சொன்னார்கள். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, மே 4-இல் நிபந்தனையோடு தளர்ந்தது, ஜூன் 10-இல் மீட்சிக் கட்டத்துக்குப் போனது. முகக்கவசம், மைசெஜாத்ரா செயலியில் ஸ்கேன், ஒரு மீட்டர் இடைவெளி, இவைதான் நோர்மா பஹாரு. இவை யாருக்கும் இயல்பு இல்லை, இவை விதிகள், மீறினால் அபராதம். விதி என்று சொன்னதால் அதை ஒருநாள் எடுக்கவும் முடிந்தது. தமிழில் அப்போது 'புதிய இயல்பு' என்று நிறைய எழுதினார்கள், நாம் 'புதிய விதிமுறை' என்றே எழுதியிருக்கலாம்.

வட்டிக்கு வருவோம், வீட்டுக் கடன் கட்டுகிறவர்களுக்கு இது பையில் கை வைக்கும் விஷயம். பேங்க் நெகாராவின் அடிப்படை வட்டி விகிதமான ஓ.பி.ஆர் 2020 ஜூலையில் 1.75 விழுக்காட்டுக்கு இறங்கியது, அதற்கு முன் அவ்வளவு குறைவாக இருந்ததே இல்லை. 2022 மே மாதம் ஏற ஆரம்பித்து படிப்படியாக 2023 மேயில் 3.00-க்கு வந்தது. பொருளாதாரப் பக்கங்களில் அப்போது அடிக்கடி வந்த சொல் நார்மலைசேஷன். பெருந்தொற்றுக்கு முன் 2019 கடைசியில் 3.00 இருந்தது என்பதால் திரும்பியது என்று சொல்ல ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் 2018-இல் 3.25, 2006-இலிருந்து 2008 வரை 3.50, 2009-இல் 2.00. இதில் எது இயல்பு? 2025 ஜூலையில் 2.75-க்குக் குறைத்தபோது இயல்பிலிருந்து விலகினார்களா? அப்படி யாரும் எழுதவில்லை. வட்டி என்பது ஒரு குழு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பணவீக்கத்தையும் வளர்ச்சியையும் பார்த்து எடுக்கும் முடிவு. தமிழில் 'வட்டியை உயர்த்தியது' என்று ஆளைச் சொல்லி எழுதினால் போதும், கடன் கட்டுகிறவருக்கு என்ன நடந்தது என்று உடனே புரியும்.

இனி இரண்டாவது வேலை, அளவுகோல் நகர்வது. இதில் உலகம் அதிகம் பேசிய உதாரணம் சேலஞ்சர் விண்கலம். 1986 ஜனவரி 28, புறப்பட்ட 73-ஆவது நொடியில் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். பக்க ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் குளிரில் இறுகிப் போனதுதான் காரணம். அந்த வளையம் அரிக்கப்படுவதை 1981-இலிருந்தே பார்த்திருக்கிறார்கள். வடிவமைப்புப்படி அரிப்பே இருக்கக்கூடாது. முதல் தடவை பார்த்தபோது அதிர்ச்சி, கலம் பத்திரமாக இறங்கியதால் இந்த அளவு அரிப்பு பரவாயில்லை என்று ஒரு முடிவு, அடுத்த தடவை இன்னும் கொஞ்சம். கிளம்புவதற்கு முந்தின இரவு, 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வேண்டாம் என்று ராக்கெட் பொறியாளர்கள் வாதாடினார்கள், மறுநாள் காலை கிளம்பும்போது வெப்பநிலை 2 டிகிரி அளவில்தான் இருந்தது. இதை ஆராய்ந்த சமூகவியலாளர் டயான் வான் 1990-களில் வைத்த பெயர்தான் விலகலை நார்மலைஸ் செய்வது. யாரும் ஒருநாள் உட்கார்ந்து விதியை மீறலாம் என்று முடிவெடுக்கவில்லை, ஒவ்வொரு படியும் நியாயமாகத்தான் தெரிந்தது. அதனால்தான் இது பயங்கரம்.

நமக்குப் பக்கத்தில் என்றால் புகைமூட்டம். 1997, 2005, 2015, 2019 என்று வந்துகொண்டே இருக்கிறது. 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் காற்று மாசுக் குறியீடான ஏபிஐ 500-ஐத் தாண்டி அவசரநிலை அறிவித்தார்கள், 2019 செப்டம்பரில் பினாங்கு உட்படப் பல மாநிலங்களில் பள்ளிகளை மூடினார்கள். இதற்கு நடுவில், கரையில் நின்றால் பினாங்குப் பாலம் மங்கலாகத் தெரியும் நாட்களில், ஏபிஐ 90 காட்டும்போது "நார்மல்தான் லா" என்று சொல்லிவிட்டு நடைப்பயிற்சிக்குப் போகப் பழகிவிட்டோம். 50-க்குக் கீழேதான் 'நல்லது' என்று அந்த அட்டவணையே சொல்கிறது. ஆனால் அளவுகோல் எதிர்ப்பக்கமும் நகர்ந்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும்: 2018 ஆகஸ்டிலிருந்து பி.எம் 2.5 என்ற மிக நுண்ணிய துகளையும் குறியீட்டில் சேர்த்தார்கள். அதுவரை அதைவிடப் பெரிய துகளைத்தான் கணக்கில் எடுத்தார்கள். ஆக, முன்பு 'மிதம்' என்று காட்டியிருக்கக்கூடிய அதே காற்று இப்போது 'ஆரோக்கியமற்றது' என்று காட்டக்கூடும். காற்று மோசமாகவில்லை, அளப்பது நேர்மையாகியிருக்கிறது.

அளவுகோலை நல்லதற்காக நகர்த்தியவர்களில் நான் மதிக்கும் இரண்டு பேர் உண்டு. டென்மார்க்கின் பாங்க்-மிக்கெல்சன், சுவீடனின் பெங்ட் நீரியே. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களைப் பெரிய பெரிய விடுதிகளில் அடைத்து வைத்திருந்த காலத்தில், 1959-லும் பிறகு 1969-லும், இவர்கள் முன்வைத்த கொள்கைக்குப் பெயரும் நார்மலைசேஷன்தான். பெயரைக் கேட்டால் அந்தப் பிள்ளைகளை நார்மலாக ஆக்கப் போகிறார்கள் என்று தோன்றும், நிறைய பேர் அப்படித்தான் தப்பாகப் புரிந்துகொண்டார்கள். நீரியே சொன்னதோ அவர்களைச் சுற்றியுள்ள வாழ்க்கையை. காலையில் எழுந்து உடுத்திக்கொள்வது, வீட்டில் தூங்கி வேறிடத்தில் வேலை செய்வது, வாரக் கடைசி, வருடத்துக்கு ஒரு விடுமுறை, சொந்தமாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. நமக்கு இருக்கும் நாளும் வாரமும் வருடமும் அவர்களுக்கும் இருக்கட்டும் என்றார். ஆள் மாற வேண்டாம், நிலைமை மாறட்டும். நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008-இல் வந்தது. ஜார்ஜ்டவுனின் காக்கி லீமாவில், அதாவது கடைவீடுகளின் முன்னால் போகும் நடைபாதையில், கடைக்குக் கடை உயரம் மாறும் படிகளுக்கும் குறுக்கே நிறுத்திய மோட்டார் சைக்கிளுக்கும் நடுவில் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பாருங்கள், எதை நார்மலைஸ் செய்ய வேண்டும் என்று நீரியே கேட்டது புரியும்.

டிக்டாக் பெண்ணின் வாக்கியம் இந்த வரிசையில் வருவதுதான். கடந்த பத்துப் பன்னிரண்டு வருடத்தில் ஆங்கிலத்தில் இது கட்டளையாகவே ஆகிவிட்டது: மனநல மருத்துவரிடம் போவதை நார்மலைஸ் பண்ணுங்கள், மறுமணத்தை நார்மலைஸ் பண்ணுங்கள், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதை நார்மலைஸ் பண்ணுங்கள். கேட்கப்படுவது ஊர்க்கண்ணின் அளவுகோலை நகர்த்தச் சொல்லித்தான். மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பதை உறவுக்காரர்களிடமிருந்து ஒளித்து வைக்கும் நம் குடும்பங்களில் அந்த வேண்டுகோளுக்குப் பெரிய தேவை இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் 'இதை நார்மலைஸ் பண்ணாதீங்க' என்பதும் அதே அளவு வருகிறது, பெண்களைக் கேலி செய்வது, குடித்துவிட்டு ஓட்டுவது பற்றியெல்லாம். இரண்டிலும் திரும்புவதற்கு ஒரு பழைய நிலை இல்லவே இல்லை.

சரி, தமிழில் என்ன செய்வது? 'இயல்பு' என்ற சொல்லையே கொஞ்சம் யோசிக்க வேண்டும். தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு இயல்பு புணர்ச்சி நினைவிருக்கும், இரண்டு சொல் சேரும்போது எதுவும் தோன்றாமல், திரியாமல், கெடாமல் அப்படியே இருந்தால் அது இயல்பு. ஏதாவது மாறினால் விகாரம். யாரும் கைவைக்காதது, பிறப்போடு வந்தது, இதுதான் நம் காதில் இயல்பு என்பதன் ஒலி. அதனால் ஒரு வங்கியின் முடிவையோ ஒரு அரசின் ஆணையையோ 'இயல்பு நிலை' என்று எழுதியதும் அது மழை வெயில் மாதிரி தானாக நடந்ததாக ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் ஒரே வினை, செய்தாலும் ஆனாலும் வடிவம் மாறாது. தமிழில் ஆகு வேறு, ஆக்கு வேறு. எழுதுகிறவர் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும், நாம் ஏனோ எப்போதும் ஆகு பக்கமே சாய்கிறோம்.

தண்ணீர், மின்சாரம், ரயில் சேவை என்றால் 'வழக்கநிலைக்கு வந்தது', 'சரியானது' போதும். உடம்பு என்றால் 'இருக்க வேண்டிய அளவுக்கு வந்துவிட்டது', கூடவே அந்த அளவு எவ்வளவு என்று ஒரு எண். நாடுகள் என்றால் 'உறவைச் சீராக்க ஒப்புக்கொண்டன', இதில் ஒப்புக்கொண்டது யார் என்பது வந்துவிடும். ஐ.என்.ஆர், தகவல் தளம், ஒலி இதற்கெல்லாம் 'ஒரே அளவுக்குக் கொண்டுவருதல்' என்று ஒருமுறை விளக்கிவிட்டு நார்மலைஸ் என்றே வைத்துக்கொள்ளலாம், அந்தத் தொழிலில் இருப்பவர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள். விலகலைப் பற்றி எழுதும்போது 'பழகிப்போனது' என்ற சாதாரணச் சொல் எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்கிறது. ஊர்க்கண்ணை மாற்றச் சொல்லும் வாக்கியத்துக்கு 'சகஜமாக்குங்கள்' சரியாக இருக்கும், பேசும்போது "இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்க" என்று நீட்டிச் சொன்னாலும் தப்பில்லை, அம்மாவுக்கும் பாட்டிக்கும் அதுதான் புரியும்.